கெட்டுப்போன ஒலிநாடா

ஓசூருக்குப் புறப்படப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் என் மகளுக்கு,

உன் திருமண மேடையில் நான் பேசவில்லை என்பதுதான் மாரண்டஅள்ளியில் இந்த வாரம் முழுக்கப் பேச்சு. ஒலிபெருக்கிக்காரர் மைக்கை என் முன் கொண்டுவந்து வைத்தார். நான் அவையைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்டை அறுவைக்குப் பின் மிஞ்சிய இந்த மெல்லிய குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேராது என்று கூச்சப்பட்டுவிட்டார் என உறவினர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்களாம். அது முழு உண்மையன்று. உன்னைப் பற்றி மேடையில் சொன்னால் கைதட்டு வரும். கைதட்டு வரும் இடத்தில் நான் எப்போதுமே என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆனால், உன்னை முன்னிறுத்தி மட்டுமே எழுதுகிறேன்.

மூன்று நாள்களுக்கு முன் நீ என்னிடம் ஒரு பொருள் கேட்டாய். வீட்டிலுள்ள ஒலிநாடாக்களில் ஒன்றை ஓசூருக்கு எடுத்துச் செல்லட்டுமா என்றாய். ஊர் ஊராகச் சுற்றிவரும் நல்ல பதிவைக் கேட்கிறாய் என்று எண்ணிப் பெருமையோடு தலையசைத்தேன். நீ எடுத்ததோ முதன்முதலில் பதிவு செய்து கெட்டுப்போன நாடா. எனக்குச் சுருக்கென்றது. ஏன் அதைக் கேட்டாய் என்பதை இந்த மடலின் இறுதியில் எழுதுகிறேன். அதற்கு முன் நான் ஒப்புக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. ஒலிவாங்கி, ஒலிநாடா என்றெல்லாம் சொல்லியே பழகியவன் நான். ஆனால் இது ஓசூரில் நீ தொடங்கப்போகும் ஒலிப்பதிவுத் தொழிலைப் பற்றிய கதை என்பதால், மைக், கேசட் என்ற உன் சொற்களையும் இங்கே தடையின்றி ஆள்கிறேன். என் தமிழாசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தொப்பூரில் பேசிக்கொண்டிருந்தபோது என் குரல் இரண்டாகப் பிளந்தது. கணவாய்ச் சாலையில் முனகி ஏறும் சரக்குந்துகளின் ஓசை எது, என் ஓசை எது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. குரல்நாணில் கட்டி, அறுத்தெடுக்க வேண்டும் என்றார் சேலத்து மருத்துவர். அறுத்தபின் குரல் திரும்பும், ஆனால் மேடைக்குரல் திரும்பாது என்றும் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகள் குடிக்கு எதிராக ஊர் ஊராய் நின்று முழங்கிய பேச்சு இனி யார் வாயிலும் இராது என்ற எண்ணம், அந்தக் கட்டியைவிட எனக்குப் பெரிதாக வலித்தது. அறுவைக்கு முன் அந்தப் பேச்சைக் கேசட்டில் பிடித்துவிடுங்கள், நீங்கள் போக முடியாத ஊர்களுக்கும் அது போகும் என்றார்கள் தோழர்கள். குரல் எஞ்சுவதற்கு இருந்த வழி அது ஒன்றுதான். நீ அப்போது தருமபுரிக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டு வானொலியைத் திறந்து, துடைத்து, மூடி, முன்னைவிட நன்றாகப் பாடவைத்தவள் நீ. அதனால் உன்னைச் சேலத்துக்கு அழைத்துச் சென்றேன். உன் கருத்தைக் கேட்கவா அழைத்துச் சென்றேன்? இல்லை. பெட்டியைத் தூக்கி வர ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கடையில் நான் நடந்துகொண்ட விதத்தை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவி வேண்டும் என்றேன். கடைப்பணியாளர் திகைத்து நின்றார். "டேப் ரிக்கார்டர்ங்க" என்று நீ மெதுவாகச் சொன்ன பிறகே அவருக்கு மூச்சு வந்தது. வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் எதிரிலும் நான் நின்று முழங்கினேன். வேறு யாராவது இப்படிக் கருவி வாங்கியிருப்பார்களா? வாங்க வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தெருவில் போனவர்கள் படியேறி வந்தார்கள். இறுதியில், வெள்ளி நிறத்தில் இருபுறமும் ஒலிபெருக்கி வைத்த ஒரு பெரிய சப்பானியப் பெட்டி என் குரலை இடியாகத் திருப்பித் தந்தது. கடை முழுக்கக் கைதட்டு. கைதட்டு விழுந்ததும் எனக்குக் கொள்முதல் முடிந்துவிட்டது.

நீ என் சட்டைக் கையைத் தொட்டாய். "அப்பா, இதுல ஏத்தி எறக்குற திருகு இல்லீங்க. நீங்க சத்தமாப் பேசுனா அதுவே எறக்கிக்கும், நிறுத்துனா அதுவே ஏத்திக்கும். நீங்க நிறுத்துற எடமெல்லாம் இரைச்சலாப் போயிடும். வேணாங்க" என்றாய். அத்தனை பேர் நடுவில் நான் சொன்னேன்: "ஒலியைப் பற்றி எனக்கே பாடமா? நீ பிறக்கும் முன்பே மைக்கைப் பிடித்தவன் நான்." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்று எண்ணினாலும் எனக்கு உடல் கூசுகிறது. மாரண்டஅள்ளி வரும் வரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் குலுங்காமல் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி வந்தாய். வேண்டாம் என்று சொன்ன பெட்டியை அவ்வளவு பரிவோடு கொண்டுவந்தவள் நீ.

மகளே, உன்னிடம் நான் கண்ட ஒரே குறை இதுதான்: வேண்டாம் என்பதை ஒருமுறை மட்டுமே சொன்னாய். ஓசூரில் உன் மாமனார் குரல் உயர்த்திப் பேசுகிறவர் என்று கேள்வி. நல்லவர். என்னைப் போன்றவர். உனக்குத் தெரிந்த ஒன்றை அவர் உரத்த குரலில் மறுத்தால் இரண்டாம் முறையும் சொல். அதே மென்மையோடு சொல், ஆனால் சொல். உரத்துப் பேசுகிறவர்களுக்கு முதல்முறை சொல்வது காதில் விழுவதில்லை. நான் அறிந்து சொல்கிறேன்.

மறுநாள் மாலை முன்னறையில் பெட்டியை வைத்து, ஒன்றரை மணி நேரம் கேசட்டின் இருபுறமும் நிரம்பப் பேசினேன். நீ பக்கத்தில் அமர்ந்திருந்தாய். உன் அம்மா சமையலறையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஓடவிட்டுக் கேட்டோம். பேசிய சொற்கள் எல்லாம் இடிதான், குறையில்லை. ஆனால் என் பேச்சின் உயிர் அதன் நிறுத்தங்களில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஓங்கிச் சொல்லி, சட்டென்று நிறுத்தி, கூட்டத்தின் மூச்சைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரியை இறக்குவேன். அந்த இடங்களில் எல்லாம் கேசட்டில் புயல் அடித்தது. நான் அடங்கியதும் அந்தப் பெட்டி தன் காதை அகலத் திறந்து, காற்றையும் தன் இயந்திரத்தின் உறுமலையும் அள்ளி விழுங்கியிருந்தது. எட்டிப் பார்த்த உன் அம்மா, "என்னாங்க இது, தகரக் கூரைல மழ பேயுற மாதிரி கீது" என்றாள். "நான்தான் சொன்னேனே" என்று நீ சொல்லவில்லை. அந்த ஒரு தொடரை நீ சொல்லாமல் விட்டதற்கு ஈடாக என் மேடைப் பேச்சுகள் அனைத்தையும் தருவேன்.

மறுநாள் குரல் முற்றாக அடங்கிவிட்டது. மருத்துவர் சினந்துகொண்டார். நாற்பது நாள் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. அதன்பின் ஒரே ஒரு நாள், அரை மணி நேரம், அதுவும் மெதுவாக. அப்புறம் கத்திதான் என்றார். ஆக என் குரலுக்கு எஞ்சியிருந்தது அந்த அரை மணி நேரம். அந்த வெள்ளிப் பெட்டியை ஊர்ப் படிப்பகத்துக்குக் கொடுத்தேன். செய்தி கேட்க நன்றாகவே பயன்படுகிறது. உனக்குக் கேமரா வாங்கித் தருவதாகச் சொல்லி எடுத்து வைத்திருந்த பணத்தை நீயே எடுத்து வந்தாய். "பெங்களூர் போலாங்கப்பா" என்றாய். நான் சிலேட்டுப் பலகையில் "கேமரா?" என்று எழுதினேன். நீ தாவணி முனையால் அதைத் துடைத்துவிட்டாய்.

பேருந்து ஏறி, ஓசூர் வழியாகப் பெங்களூர் சேர்ந்தோம். மின்பொருள் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தத் தெருவில், வாழ்நாளில் முதன்முறையாக நான் வாய் திறக்காமல் உன் பின்னால் நடந்தேன். நீ கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசத் தொடங்கியபோது எனக்கு இருந்த வியப்பை எழுதிக் காட்டச் சிலேட்டில் இடம் போதவில்லை. அடுத்த தெருத் தோழியிடம் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறாய். என் வீட்டில் இன்னொரு மொழி வளர்ந்ததை நான் கேட்கவே இல்லை. கடைக்காரர் நல்லவர், நம் தமிழும் அறிந்தவர். பலகையும் சுண்ணமுமாக நின்ற என்னைப் பார்த்து, "என்னம்மா, அப்பா பேச மாட்டாரா?" என்று தமிழில் கேட்டார். "பேசுவாருங்க. அவரு ஆரம்பிச்சா நீங்க கடய மூட முடியாது" என்றாய். அவர் சிரித்தார். நானும் ஓசையின்றிச் சிரித்தேன்.

பிறகு நீ செய்ததை இன்றும் கண்முன் காண்கிறேன். ஆறு பெட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னாய். எதிலும் பேசவில்லை, பாட்டுப் போடவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாய். கடையில் இருந்தவர்கள் ஒரு மணித்துளி பேசாமல் இருக்க முடியுமா என்று கேட்டு, விரலை உதட்டில் வைத்தாய். எல்லாரும் அடங்கினார்கள். முரட்டு மீசைக்காரர் ஒருவர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார். அந்த அமைதியை ஒவ்வொரு பெட்டியிலும் பதிந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் கேட்டாய். முதலாவதற்குத் தலையசைத்தாய், வேண்டாமென்று. இரண்டாவதும் வேண்டாம். மூன்றாவதை இருமுறை கேட்டாய். கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. "சும்மா இருக்கறத எதுக்கம்மா ரிக்கார்டு பண்ணிப் பாக்கற?" என்றார். "பேச்ச எந்தப் பெட்டியும் புடிச்சிடும் சார். சும்மா இருக்கறத எது கெடுக்காம வெக்குதோ, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றாய். ஒரு கூட்டத்தை அடக்க எனக்கு இருபது மணித்துளிகளும் தொண்டை நரம்பு முழுவதும் வேண்டும். நீ ஒரு விரலால் அடக்கினாய். என் நிறுத்தங்களின் அருமை தெரிந்தவன் நான் ஒருவனே என்று இறுமாந்திருந்தேன். அவற்றைக் காப்பாற்ற நீ கடை கடையாய் அலைந்துகொண்டிருந்தாய்.

நான்காவது பெட்டியில் உன் முகம் மலர்ந்தது. சிறியது, கறுப்பு நிறம், பகட்டில்லாதது. ஒலியைக் கையாலேயே ஏற்றி இறக்கத் திருகும், அளவு காட்ட ஒரு முள்ளும் உண்டு. அதன்பின் மைக். நான் பலகையில் "பெரியதாக வாங்கு" என்று எழுதி நீட்டினேன். நீ பார்த்துவிட்டு, சிரித்தபடியே அதையும் துடைத்தாய். கட்டைவிரல் பருமனே இருந்த ஒன்றை எடுத்தாய். அதன் விலையைக் கேட்டதும் உன் கண் ஒருமுறை கண்ணாடிப் பேழைக்குப் போய் வந்தது. அங்கே கேமராக்கள் இருந்தன. கடைக்காரர் உன் பார்வையைக் கவனித்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். நீ அதைக் கண்ணில் வைத்து, தெருவைப் பார்த்தாய், மேலே மின்கம்பிகளைப் பார்த்தாய், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். என்னை எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியவில்லை. பிறகு அதன் முகப்பைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மைக்குக்குப் பில்லு போடுங்க" என்றாய்.

உன் துணிப்பெட்டியின் அடியில், பட்டுச் சேலைக்குக் கீழே, இன்று அந்தக் கேமரா இருக்கிறது. போன மாதம் நானே தனியாகப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "அந்தப் பொண்ணோட அப்பாதானே?" என்றார். இந்த மாவட்டத்தில் உன்னை எல்லாரும் என் மகள் என்றே அறிந்திருக்கிறார்கள். என்னை உன் அப்பா என்று அறிந்த ஒரு கடை உலகில் இருக்கிறது என்ற மகிழ்ச்சியில் பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தேன். நீ செய்தது போலவே மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, காதருகில் வைத்துப் பொத்தானை அமுக்கிக் கேட்டுத்தான் வாங்கினேன். கேமராவை அப்படி வாங்க வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் சிரித்தபடி விசிறியை மறுபடி போட்டார்.

நாற்பது நாள் முடிந்தது. நம் தக்காளிக் கிடங்கின் சுவர்களில் சாக்குகளைத் தொங்கவிட்டு, தரையில் போர்வை விரித்தாய். உன் அம்மாவைப் பாலக்கோட்டில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தாய், பாத்திர ஓசைகூட வேண்டாமென்று. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தொலைவில் வைத்தாய். நான் வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்தினேன். "அப்பா, இது கூட்டம் இல்லீங்க. அம்மாகிட்ட பேசுற மாதிரிப் பேசுங்க" என்றாய். உன் அம்மாவிடம் நான் எப்படிப் பேசுவேன் என்று நினைவுகூர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அரை மணி நேரம் பேசினேன். மூன்று இடங்களில் அடுத்த வரி வரவில்லை. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது நான் ஒருமுறைகூடத் தடுமாறியவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும். மேடையில் எப்போதாவது தடுமாறினால் அதையே ஒரு நிறுத்தமாக்கிக் கைதட்டு வாங்கிவிடுவேன். அன்று அப்படியே நின்றுவிட்டேன். நீ கேசட்டை நிறுத்தி, பேச்சை எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் பார்த்து வரியைச் சொன்னாய். நோயின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேசட்டு இன்று எங்கெங்கோ ஒலிக்கிறது. பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "மேடைல நீங்க ஊருக்குப் பேசுனீங்க. இதுல எனக்குப் பேசுறீங்க" என்றார். குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறதாம். என் இடிமுழக்கம் அத்தனை ஆண்டுகள் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் காதுக்குள் போனது நீ பிடித்த குரல். இந்த எண்பதுகளில் ஊருக்கு ஊர் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் முளைத்துவிட்டன. ஓசூரில் நீ திறக்கப்போவதும் அவற்றுள் ஒன்றுதான் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே.

இனி, அந்தக் கெட்டுப்போன நாடா. "என் தோல்வியையா தாய்வீட்டுச் சீராகக் கேட்கிறாய்?" என்று அன்று இந்தச் சிறு குரலிலும் சினந்தேன். நீ ஹெட்போனை என் காதில் மாட்டி, நாடாவை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தி, ஒலியை ஏற்றினாய். என் குரல் முழங்கியது: "உன் குடிசையின் கூரையைப் பார்!" பிறகு நிறுத்தம். புயல் இரைந்தது. அந்தப் புயலுக்கு அடியில் துடுப்பு சட்டியில் உரசும் ஓசை. அதற்கும் அடியில், தொலைவில், ஒரு பெண்குரல், களி கிண்டும் தாளத்திலேயே: "கூரயப் பிரிச்சது காத்தில்ல, ஒங்கையில கீற கொவள." அடுத்த நொடி என் குரல் இடித்தது: "கூரையைப் பிரித்தது காற்றன்று, உன் கையிலிருக்கும் குவளை!"

நீ நாடாவை நகர்த்தி இன்னோர் இடம் காட்டினாய். மூன்றாவதும் காட்டினாய். கிடங்கில் நான் திகைத்து நின்ற அதே மூன்று இடங்கள். பேசுகிறவன் அடங்கியதும் காதை அகலத் திறக்கும் அந்தப் பழுதுள்ள பெட்டி, நான் இருபத்து நான்கு ஆண்டு இல்வாழ்வில் கேளாததை ஒரே மாலையில் கேட்டிருக்கிறது. நீயோ அதைக் கிடங்குப் பதிவுக்குப் பின் தேடிக் கேட்டுவிட்டு, மூன்று ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் காத்து வைத்திருக்கிறாய்.

நேராக உன் அம்மாவிடம் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீயா வரியை எடுத்துக் கொடுத்தாய்?" என்று அவளிடம் கேட்டேன். "ஆமா, கட்டிக்கினு வந்த நாளா ஒரே பேச்சு. எருமைகிட்ட சொல்லியிருந்தாக்கூட ஒப்பிச்சிருக்கும்" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்சம் கீரை ஆய்ந்தபின், தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க பேச்ச நிறுத்திட்டா எனக்குக் கையோடாதுங்க. அதான்."

நாடாவை எடுத்துச் செல். உன் கடையில் விலைக்கு வைக்காத ஒரே கேசட்டாக அது இருக்கட்டும். ஆனால் நாளை மறுநாள் பேருந்து ஏறும் முன் எனக்காக ஒன்று செய். உன் கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்து, மைக்கை முன்னறையில் உன் அம்மாவின் முன் ஒரு சாண் தொலைவில் வை. அவளிடம் கேட்டுவிட்டேன். "நான் என்னத்தப் பேசுறது" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பேசும்போது சமையலறையில் களி கிண்டுகிறவன் நானாக இருப்பேன். எங்கேனும் அவள் நின்றால் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஆனால் மகளே, அவளுடைய அடுத்த வரி எனக்குத் தெரியாது. ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே அவள் நிற்கும் இடத்தில் பொத்தானை அமுக்கிவிடாதே. ஓடட்டும். நாம் இருவரும் பேசாமல் காத்திருப்போம்.

உன் அப்பா